ஜன்னலோரத் தினைத் தட்டுக்கு ஒரு வழி சொல்லுங்க

பாளையங்கோட்டைப் பக்கம் நிமோனியாவில் இருந்து தேறிவரும் அம்மாவின் கட்டிலுக்கு நேரே ஜன்னல், வெளியே மார்கழித் தோட்டம். செம்பருத்திக்குத் தேன்சிட்டு வருது. பூவின் அடியில் அலகால் குத்தித் தேனை உறிஞ்சும் அழகை நாள் முழுக்கப் பார்க்கலாம். மண்தட்டில் ஒரு அங்குலம் தண்ணீர், நடுவே கால் ஊன்ற ஒரு கல். கொசுப்புழு பிடிக்காம இருக்க தினமும் தேய்ச்சுக் கழுவி மாத்துறோம்.

சிக்கல், சில்லைங்கிற சின்னக் குருவிக்குத் தட்டுல வைக்கிற தினையில்தான். பனி ஈரத்துல கட்டி பிடிச்சு பூசணம் வருது. அது சில்லைக்கும் ஆகாது, தேறிவரும் நுரையீரலுக்கும் ஆகாது. காலையில ஒரு கைப்பிடி மட்டும் வச்சா, சில்லை வருமுன்னே அணில் காலி பண்ணிடுது. ஈரம் தங்காத, அணில் ஏறாத தட்டு எதில் செய்யலாம்? முருங்கைக் கிளையில இருந்து எவ்வளவு தள்ளித் தொங்கவிடணும்? எச்சத்தை நனைச்சுத்தான் துடைக்கிறோம், உலர்ந்தா தூசி பறக்கும். செஞ்சு பார்த்தவங்க அளவோட சொல்லுங்க.