அப்பாவோட டாடா பென்ஸ்: கேபினைப் பிரிச்சுப் போட்டுப் புதுசாக் கட்டுறதா, இருக்குறதைக் காப்பாத்துறதா?

மேலூர்க்காரன்:

அண்ணன்மாருக்கு வணக்கம். எங்ககிட்ட 1967 மாடல் டாடா பென்ஸ் லாரி ஒண்ணு இருக்கு. பானெட்டு முன்னாடி நீட்டிக்கிட்டிருக்குற, மூக்கு வச்ச வண்டி. மதுரையோட பழைய எம்.டி.யு. நம்பர். அப்பா 1974-ல செகண்டுல வாங்குனாரு. 2001 வரைக்கும் அவரே ஓட்டுனாரு. குமுளி மலைக்கு அரிசி மூட்டை ஏறும், வர்றப்ப கம்பத்துல காய்கறி ஏத்திக்கிட்டு விடியிறதுக்குள்ள மதுரைக்கு வந்துரும். அதுக்கப்புறம் தோட்டத்துல புளியமரத்தடியிலேயே நின்னுச்சு. இன்ஜின் வேலை முடிஞ்சு போன மாசம் ஸ்டார்ட் ஆயிருச்சு. சேஸும், அதான் அடிச்சட்டமும், நல்லா இருக்கு. குழப்பமெல்லாம் கேபின்லதான்.

டிரைவர் சீட்டுல ஸ்பிரிங் கிடையாது. பழைய டியூபைப் பட்டையா அறுத்துக் கட்டில் மாதிரி பின்னி, அது மேல தேங்கா நாரு, சாக்கு, சிவப்பு ரெக்சின். அப்பா குள்ளம். அதனால சீட்டுக்கு அடியில ரெண்டு கட்டை, ஆக்சிலேட்டர் பெடல் மேல டயர்த் துண்டை வச்சுப் போல்ட்டு. க்ளீனர் பக்கக் கதவைத் திறக்க உள்ள கைப்பிடி இல்ல, கயிறுதான். சாமி படப் பலகைக்குக் கீழ ஒரு டிராயர் இருக்கு, பார்த்தா டிராயருன்னே தெரியாது. பணம் அதுலதான் வைப்பாரு.

பாடி கட்டுறவரு எல்லாத்தையும் எடுத்துட்டு ஸ்கொயர் பைப்புல ஃபிரேம் அடிச்சு, ஃபோம் சீட்டு, ஏ.சி. போட்டுத் தரேங்குறாரு. நண்பன் ஒருத்தன், "ஜாம்ஷெட்பூர் டாடா ஃபேக்டரியில இருந்து எப்படி வந்துச்சோ அப்படி ஆக்கு, அதான் ஒரிஜினல்"ங்குறான். அம்மா அந்த சீட்டைத் தொடவே கூடாதுங்குது. ஆனா அழகர்கோயில் வரைக்கும் ஓட்டிப் பார்த்ததுல கால் வெந்துபோச்சு, புகையும் உள்ள வருது. நான் என்ன பண்ணட்டும்?

பட்டறை வீட்டுப்பிள்ளை:

தம்பி, முதல்ல ஒரு விஷயம். ஜாம்ஷெட்பூர்ல இருந்து இந்த கேபின் வரவே இல்ல. கம்பெனி குடுத்தது பெரும்பாலும் சேஸு, இன்ஜின், பானெட்டு, மட்கார்டு, மீட்டர் பலகை, அவ்வளவுதான். டிரைவர் ஒரு மரப்பெட்டி மேல உக்காந்து ஓட்டிட்டு வருவாரு. அதுக்கப்புறம் நாமக்கல், கரூர், மதுரைன்னு அந்தந்த ஊர் ஆசாரி கட்டுறதுதான் கேபின். எங்க தாத்தாவும் அப்பாவும் அதைத்தான் கட்டுனாங்க. ஒரு ஆசாரி கட்டுன கேபின் மாதிரி இன்னொருத்தர் கட்டுனது இருக்காது. ஆக, உங்க வண்டிக்கு ஒரிஜினல்னு எதையாச்சும் சொல்லணும்னா அந்த ஆசாரி கட்டுனதையும் உங்க அப்பா அதுக்கு மேல பண்ணதையும்தான் சொல்லணும். அந்தக் கட்டையும் டயர்த் துண்டும் போயிருச்சுன்னா திரும்ப வாங்க முடியாது. அம்மா சொல்றது சரி.

ஸ்கொயர் பைப்பு வேண்டவே வேண்டாம். பழைய சேஸு மேடு பள்ளத்துல முறுக்கும். மரச்சட்டம் அது கூடவே வளைஞ்சு குடுக்கும். இரும்பை வெல்டு பண்ணி இறுக்குனா அந்த முறுக்கம் போக வழியில்லாம கண்ணாடி மூலையில வெடிப்பு விடும். எங்க பட்டறைக்கு அப்படி வெடிச்சு வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கேன்.

மரம் எப்படி இருக்குன்னு பெயின்ட்டுக்கு மேல தெரியாது. கூரான ஸ்க்ரூடிரைவரை எடுத்து முன்கண்ணாடி ஓரத் தூணோட அடியைக் குத்துங்க. கண்ணாடி ரப்பர் காஞ்சு தண்ணி இறங்கி முதல்ல உளுத்துப்போற இடம் அதுதான். உளுத்த வரைக்கும் அறுத்துட்டுப் புதுக்கட்டையைச் சாய்வா வெட்டி ஒட்டுப் போடலாம், முழுத் தூணையும் மாத்த வேண்டியதில்ல. அலுமினியத் தகடு இரும்பைத் தொடுற இடத்துல நடுவுல ரப்பரோ ரெக்சினோ வைங்க. நேரா தொட்டு ஈரம் பட்டா அலுமினியம் வெள்ளைப் பொடியா உதிரும். முன்கண்ணாடி ரெண்டும் தட்டைக் கண்ணாடிதானே? லேமினேட் கண்ணாடியை அளவு குடுத்து வெட்டி வாங்குங்க. டஃபன் பண்ணதை, அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்துன கண்ணாடியை, அப்புறம் வெட்ட முடியாது.

இப்ப சூட்டுக்கு வரேன். ஏ.சி.யை விடுங்க, ஓட்டையை அடைங்க. ராத்திரி கேபினுக்குள்ள உக்காந்துக்கிட்டு, பானெட்டுக்குள்ள ஒரு ஆளை டார்ச் அடிக்கச் சொல்லுங்க. வெளிச்சம் வர்ற வழியெல்லாம் சூடும் புகையும் வர்ற வழி. பெடல், கியர் கம்பி, வயர் நுழையிற ஓட்டைக்கெல்லாம் ரப்பர் போட்டாலே பாதி சூடு குறையும். அப்புறம் இன்ஜின் பக்கத் தகட்டுல செராமிக் கம்பளி வச்சு அலுமினியத் தகட்டால மூடுங்க. கவனம் தம்பி: அங்க பழைய சாம்பல் நிற அட்டையோ கயிறோ இருந்தா அது ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம், அதோட தூசு நுரையீரலுக்கு ஆகாது. காஞ்சபடி சுரண்டாதீங்க. நல்லா நனைச்சு, முகத்துக்குச் சரியான மாஸ்க் போட்டு, உடைக்காம எடுத்துக் கெட்டிப் பையில கட்டுங்க. எங்க அப்பா காலத்துல அதைக் கையாலேயே பிச்சாங்க. அதை நினைச்சா இப்பவும் எனக்குப் பதறுது.

ஸ்டீயரிங் நடு பட்டன்ல என்ன இருக்கு, பென்ஸ் நட்சத்திரமா, டாடாவோட 'டி' எழுத்தா? பென்ஸோட ஒப்பந்தம் 1954-ல தொடங்கி 1969-ல முடிஞ்சது. 1967 வண்டியில 'டி' எழுத்து இருந்தா அது பின்னாடி மாத்துனது.

வயர்மேன், திருமங்கலம்:

அண்ணன் சொன்னதுக்கு மேல ரெண்டு வார்த்தை. டேஷ்ல சின்ன ஜன்னல் மாதிரி ஒரு கண்ணு இருக்கும், உள்ள கம்பிச்சுருள். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டீசல் இன்ஜினைச் சூடாக்குற ஹீட்டரைப் போட்டா அது சிவக்கும், சிவந்தப்புறம்தான் செல்ஃப் அடிக்கணும். அது வெறும் விளக்கு இல்ல. ஹீட்டர் பிளக்கு ஆறும் அதுவும் ஒரே வரிசையில சீரியலா இருக்கு. ஒரு பிளக்கு போனாலும் எதுவும் சூடாகாது, கண்ணும் சிவக்காது. நிறைய பேரு அதை எடுத்துட்டு இண்டிகேட்டர் பல்பு போட்டு பிளக்கை நாசம் பண்ணுவாங்க. நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க.

துணி சுத்துன வயரு விறைச்சிருந்தா முழுசா மாத்துங்க, ஒவ்வொரு லைனுக்கும் ஃபியூஸ் வைங்க. மரக் கேபின், தீப்பிடிச்சா நிக்காது. டைனமோ வண்டின்னா ஐடிலிங்ல சார்ஜே ஏறாது, ஏ.சி. ஊதியைத் தாங்காது. சின்ன ஃபேன் ஒண்ணு போதும். அதுவும் வாங்குறதுக்கு முன்னாடி 12 வோல்ட்டா 24 வோல்ட்டான்னு மீட்டர் வச்சுப் பாருங்க.

கம்பம் லைன் டிரைவர்:

டியூப் சீட்டுல முப்பது வருசம் உக்காந்தவன் சொல்றேன், இடுப்பு போயிரும். அந்த சீட்டை அப்படியே கழட்டி வீட்டுல வைங்க. ஓட்டுறதுக்கு அதே அளவுல வேற சீட்டு செஞ்சுக்கங்க. அப்பா சீட்டு ஒரு நூல் குறையாம அங்க இருக்கட்டும். இன்னொண்ணு, பழங்கால வண்டிகளுக்குன்னு 2021-ல வந்த வின்டேஜ் பதிவு இரு சக்கர வண்டிக்கும் காருக்கும்தான். லாரி அதுல வராது. அதை நம்பி ஆரம்பிக்காதீங்க, எஃப்.சி., அதான் வண்டி ஓடத் தகுதியா இருக்குங்குற சான்று, அதுக்கு என்ன வழின்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இப்பவே கேட்டுருங்க.

மேலூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றிண்ணே. பாடி கட்டுறவருகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். நேத்து ராத்திரி தங்கச்சி பானெட்டுக்குள்ள டார்ச் அடிக்க, நான் உள்ள உக்காந்து சாக்பீஸ்ல குறிச்சேன். பதினோரு ஓட்டை. கிளட்ச் பெடலுக்குப் பக்கத்துல ஒண்ணுல விரலே நுழையுது. அங்கதான் அப்பா எப்பவும் ஒரு ஈரச்சாக்கை மடிச்சுப் போட்டிருப்பாரு. ஏன்னு நேத்துதான் புரிஞ்சுச்சு.

ஸ்டீயரிங் பட்டன்ல 'டி' தான் இருக்கு. தூணைக் குத்திப் பார்த்தேன். வலது பக்கம் கெட்டியா இருக்கு. இடது பக்கம் ஒரு சாண் உளுத்துப்போச்சு. வேங்கைக்கட்டை என்ன கனத்துக்கு வாங்கணும்?

பட்டறை வீட்டுப்பிள்ளை:

கனத்தை நானா சொன்னா தப்பாயிரும். உளுத்ததை அறுத்து எடுத்துக்கிட்டு, மேல நல்லா இருக்குற இடத்தோட அளவையும் குறிச்சுக்கிட்டு மர டிப்போவுக்குப் போங்க. காஞ்ச கட்டையாக் கேளுங்க, பச்சையா இருந்தா ரெண்டே மாசத்துல ஒட்டு விட்டுரும். அறுக்குறதுக்கு முன்னாடி கேபின் கூரைக்கு உள்பக்கம் முட்டுக் குடுக்க மறந்துறாதீங்க.