அப்புச்சி வீடு குரூப்: மாமாவோட ஆல்ட்டோ

சனிக்கிழமை

சுப்பு மாமா (கோத்தகிரி), காலை 7:12
மாப்ள தினேசு, நம்ம ஆல்ட்டோ வாசல் ஏத்தத்துல நிக்க மாட்டேங்குது. ஹேண்ட்பிரேக்கைக் கடைசி வரைக்கும் இழுத்தாலும் மெதுவா பின்னால நகருது.

வசந்தி அத்தை
தெனமும் நாந்தான் கல்லைத் தூக்கிட்டுப் பின்னால ஓடறேன். அதையும் சொல்லுங்க.

கவிதா அக்கா
[படம்: ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்]

சுப்பு மாமா
இங்க ஒரு மெக்கானிக்கு லீவருக்கு அடியில இருக்கற நட்டை ரெண்டு சுத்து இறுக்கினா போதும், பத்து நிமிச வேலைங்கறாரு. இறுக்கச் சொல்லட்டுமா? வண்டி 2011 மாடல். 15 வருசம் முடியுது, ஆர்சி ரினியூவலுக்கு அடுத்த வாரம் ஆர்டிஓ ஆபீஸ் கொண்டு போகோணும்.

தினேஷ் (கோவை)
வேண்டாங் மாமா, நட்டை இப்ப யாரும் தொட வேண்டாம். லீவரை இழுக்கறப்ப டிக் டிக்னு எத்தனை தடவை சத்தம் கேக்குதுன்னு எண்ணிச் சொல்லுங்க.

சுப்பு மாமா
பதினொண்ணு.

தினேஷ்
நல்லா இருக்கற வண்டி ஆறு, ஏழுலயே பிடிச்சுரும். பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பா எந்தக் கோட்டுல நிக்குதுன்னு பாருங்க. வெளிய இருந்தே தெரியும், மூடியைத் திறக்க வேண்டாம்.

சுப்பு மாமா, 7:40
[படம்]
கீழ்க்கோட்டுக்கும் கீழ போயிருச்சு மாப்ள.

தினேஷ்
டேஷ்போர்டுல சிவப்பு பிரேக் லைட்டு எரியுதுங்களா?

சுப்பு மாமா
நேர்ரோட்டுல எரியாது. கொண்டை ஊசி வளைவுல திரும்பறப்ப மட்டும் பளிச்சுனு வந்துட்டுப் போயிரும். ஹேண்ட்பிரேக் சுவிட்சு லூசுன்னு விட்டுட்டேன்.

தினேஷ்
சுவிட்சு இல்லீங் மாமா. டப்பாவுல ஆயில் கம்மியானா, வளைவுல ஒரு பக்கமா சாயும். உள்ள இருக்கற மிதவை எறங்கும், லைட்டு எரியும். நேரா வந்ததும் அணைஞ்சுரும். ஆயில் எங்கயோ போயிட்டு இருக்குது. மலை எறங்கற வேலையே வெச்சுக்காதீங்க, கடைத்தெருவுக்குக்கூட எடுக்க வேண்டாம். நாளைக்குக் காலைல நானே சாமானோட வர்றேன்.

சித்ரா சித்தி
ஹேண்ட்பிரேக் கம்பியில இழுக்கறது தானே தினேசு? அதுக்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்?

தினேஷ்
கால் பிரேக்கு ஆயிலோட அழுத்தத்துல வேலை செய்யுது, ஹேண்ட்பிரேக்கு கேபிள்ல. வழிதான் வேறங் சித்தி, பின்சக்கர டிரம்முக்குள்ள ரெண்டும் விரிக்கறது ஒரே ஜோடி ஷூவைத்தான். டிரம்மு சக்கரத்தோட சுத்தும், ஷூ விரிஞ்சு உள்பக்கமா அதை உரசிப் பிடிச்சு நிறுத்தும். அந்த டிரம்முக்குள்ளயே சின்னதா ஒரு வீல் சிலிண்டர் இருக்கும், ஆயில் அழுத்தத்துல ஷூவைத் தள்ளறது அதுதான். அதோட ரப்பர் போச்சுன்னா ஆயில் கசிஞ்சு ஷூ மேல படியும். எண்ணெய்ப் பட்ட ஷூவை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கத்தான் செய்யும். டிரம்மைக் கழட்டிப் பார்க்காம கேபிளை இறுக்கறது கண்ணை மூடிட்டுக் கிணத்துல கல்லு போடற மாதிரி.

இன்னொண்ணு. ஷூ தேயத் தேய இடைவெளியைச் சரி பண்ற அட்ஜஸ்டர் ஒண்ணு உள்ள இருக்குது. ஹேண்ட்பிரேக் லீவர் முழுசா கீழ எறங்கி, கேபிள் தளர்ந்து இருந்தாத்தான் அது ஒழுங்கா வேலை செய்யும். கேபிளை முன்னாடியே இறுக்கி வெச்சா ஷூ எந்நேரமும் டிரம்மை உரசிட்டே ஓடும். கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் 30 கிலோமீட்டருக்கு மேல எறக்கம். டிரம்மு சுட்டுப் பழுத்துரும்.

சுப்பு மாமா
நட்டுல கை வெக்கலை, போதுமா 🙏

ராஜு பெரியப்பா (திருப்பூர்)
சுப்பு, அதுவரைக்கும் கியர் போட்டு நிறுத்து. மூக்கு மேட்டைப் பார்த்து இருந்தா ஃபர்ஸ்ட் கியர், பள்ளத்தைப் பார்த்து இருந்தா ரிவர்ஸ். மேட்டைப் பார்த்து நிறுத்தறப்ப ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிச்சு விடு. பின்னால உருண்டாலும் முன்சக்கரம் ஓரத்துக் கல்லுல முட்டி நின்னுரும். பள்ளத்தைப் பார்த்து இருந்தா இடது பக்கம். நாங்க பஸ்ஸு ஓட்டற காலத்துல கட்டை போடாம யாரும் சீட்டை விட்டு எறங்க மாட்டோம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 126-வது பிரிவைப் பாரு. பொது இடத்துல டிரைவர் சீட்டுல ஆள் இல்லாம நிறுத்தினா இஞ்சினை அணைச்சு, வண்டி தானா நகராத மாதிரி பிரேக்கு போட்டோ, வேற ஏற்பாடு பண்ணியோ இருக்கோணும்.

வசந்தி அத்தை
கல்லு வெக்கறது நான். சட்டமும் எம்பக்கந்தான்.

ஞாயிற்றுக்கிழமை

தினேஷ், காலை 9:25
வந்துட்டேன். வேலை ஆரம்பிக்கறோம். வண்டி போர்டிகோவுல, சமதரையில நிக்குது. பின்னால தூக்கறப்ப ஹேண்ட்பிரேக்கை விடுவிச்சாகோணும். அதனால முன்சக்கரம் ரெண்டுக்கும் முன்னாலயும் பின்னாலயும் கட்டை போட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல விட்டிருக்குது. ஜாக்கியை நம்பி வேலை செய்யக் கூடாது, அடியில ஸ்டாண்டு குடுத்தாச்சு.

தினேஷ், 9:50
லீவரை இழுத்துட்டு ரெண்டு பின்சக்கரத்தையும் கையில சுத்திப் பார்த்தோம். இடது சக்கரம் அசையலை. வலது சக்கரம் மாமா ஒத்தைக் கையில சுத்தறாரு.

கவிதா அக்கா
அப்ப கேபிள் அறுந்துருச்சா?

தினேஷ்
இல்லக்கா, கேபிள் நல்லாத்தான் இருக்குது. இதைப் பாரு.
[படம்]
வலது டிரம்மு. ஷூவோட மேல்பாதி கறுப்பா, ஈரமா மினுங்குது பாரு. பிரேக் தூசி ஆயில்ல ஊறிச் சேறா அப்பிட்டு இருக்குது. சிலிண்டர் ரப்பரை விரல்ல தூக்கினேன், அடியில இருந்து ஒரு சொட்டு ஒழுகி விழுந்துச்சு.

சித்ரா சித்தி
ஐயோ! அதைத் துடைச்சுட்டுப் போட முடியாதா?

தினேஷ்
லைனிங்கு, அதாவது ஷூ மேல ஒட்டியிருக்கற உரசற பட்டை, ஆயிலைக் குடிச்சுருச்சுங் சித்தி. மேலாப்புல துடைச்சாலும் சூடாக ஆக மறுபடியும் கக்கும். உப்புத்தாள் போட்டுத் தேச்சாலும் ஆகாது. நல்லா இருந்தாலும் இடது பக்க ஷூவையும் சேர்த்துத்தான் மாத்தறோம். ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா பிரேக்கு ஒரு பக்கமா இழுக்கும். சிலிண்டரைக் கழட்டி உள்ள பார்த்தேன், துரு அரிச்சுக் குழி விழுந்திருக்குது. ரப்பர் மட்டும் மாத்தினா திரும்பக் கிழியும், அதனால சிலிண்டரே புதுசு.

மாமா, அந்தத் தூசியை வாயில ஊதாதீங்க! பழைய லைனிங்குல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியில துடைங்க.

வசந்தி அத்தை
பக்கத்துலயே இருந்துட்டு குரூப்புல எதுக்குச் சொல்றே சாமி

தினேஷ்
நேர்ல சொன்னா கேக்கறாரா அத்தை 😄

தினேஷ், மதியம் 1:35
ஷூ, சிலிண்டர் மாட்டியாச்சு. புது பிரேக் ஆயில் ஊத்தி, பிரேக் குழாயில புகுந்த ஏரை வெளிய எடுத்தாச்சு. அத்தைதான் பெடலை மிதிச்சாங்க. கால் பிரேக்கைப் பத்து இருபது தடவை மிதிச்சு, ஷூ டிரம்முகிட்ட வந்ததுக்கு அப்புறந்தான் கேபிள் நட்டு. முக்கால் சுத்து கூட வேண்டியிருக்கலை. ஆறாவது டிக்குல ரெண்டு சக்கரமும் பூட்டிக்குது. லீவரைக் கீழ விட்டா உரசாம சுத்துது.

ராஜு பெரியப்பா
ஏத்தத்துல பார்த்தாச்சா?

தினேஷ்
பார்த்தாச்சுங் பெரியப்பா. மாமா உள்ள உக்காந்து கால் பிரேக்குல பாதத்தை வெச்சுட்டே, நியூட்ரல்ல ஹேண்ட்பிரேக்கை மட்டும் போட்டு மெதுவாக் காலை எடுத்தாரு. நின்னுச்சு. அத்தை அப்பவும் கல்லோடதான் நின்னாங்க.

கவிதா அக்கா
டேய், நாங்க ஊருக்கு வர்றப்ப சென்னைல காரு ஒரு மாசம் சும்மா நிக்கும். ஹேண்ட்பிரேக் போட்டுட்டு வரலாமா?

தினேஷ்
வேண்டாங்க்கா. மழையில நனைஞ்சோ, கழுவின ஈரத்தோடயோ அத்தனை நாள் நின்னா ஷூ துருப்பிடிச்சு டிரம்மோட ஒட்டிக்கும். உங்க பார்க்கிங்கு சமதரை தானே? கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கட்டை போட்டுட்டு வா.

சுப்பு மாமா, மாலை 4:10
மாப்ள பஸ் ஏறியாச்சு. அவன் சொன்னபடி டப்பாவுல ஆயில் நிக்கற இடத்துல பேனாவுல கோடு போட்டிருக்குது. ஆர்டிஓ ஆபீஸ் போறதுக்குள்ள அது எறங்கினா வண்டியை எடுக்காம அவனைக் கூப்பிடோணுமாம்.

சித்ரா சித்தி
தினேசு, வர்ற வழியில திருப்பூர்ல எறங்கிட்டுப் போ. எங்க ஸ்கூட்டர் பிரேக்கும் கீச்கீச்னு கத்துது.

தினேஷ்
சித்தி, கோத்தகிரிக்கும் கோவைக்கும் நடுவுல திருப்பூர் எங்க வருது 🙄