கவுதாரி பிடிக்க இப்போது லைசென்ஸ் உண்டா?

மேலூர்க்காரன்:
தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு பழைய வேட்டை லைசென்ஸ் கிடைத்தது. தை அறுவடை முடிந்ததும் கண்ணி வைத்துக் கவுதாரி பிடித்ததைக் கதை கதையாகச் சொல்கிறார். இன்றும் பருவத்துக்கு மட்டும் அனுமதி வாங்க முடியுமா? எங்கள் புஞ்சையில் விடிந்தால் அதன் சத்தம்தான்.

கண்மாய்க்கரை:
தம்பி, அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வையுங்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் வேட்டை லைசென்ஸ் இருந்தது உண்மை. 1991 திருத்தத்தில் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். துப்பாக்கி இல்லையே, வெறும் கண்ணிதானே என்று சமாதானம் சொல்ல முடியாது. கண்ணி வைப்பதும், கூட்டைக் கலைப்பதும்கூடச் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். 2022 திருத்தப்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மயில் என்றால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு.

மேலூர்க்காரன்:
அந்த மயில்தான் ஐயா எங்கள் கடலையை விட்டுவைப்பதில்லை!

வாடிப்பட்டி அக்கா:
விரட்டலாம் தம்பி, தொடக்கூடாது. விதைத்த இரண்டு வாரம் வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டுகிறேன், பாதி பலன்தான். தானியத்தில் மருந்து கலந்து வைத்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இன்னும் கோர்ட்டுக்கு அலைகிறார். கறி ஆசை என்றால் பண்ணைக் காடை வாங்குங்கள், அது ஜப்பானிய இனம்.

மேலூர்க்காரன்:
வாங்கிக் கொடுத்தேன் அக்கா. "இது கோழியின் தம்பி" என்று தட்டைத் தள்ளிவிட்டார் தாத்தா.