மறு: டோக்கனுக்குத் தமிழ் – துண்டா, அலகா, வில்லையா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நிரலாக்கப் பாடநூலின் சர இயல் (எழுத்துகளின் கோவையான 'ஸ்டிரிங்' பற்றியது) நாளை அச்சுக்குப் போகிறது. டோக்கன், அதாவது சரத்தையோ நிரலையோ பிரித்தால் கிடைக்கும் சிறு கூறு, வரும் இடங்களெல்லாம் தமிழ்ச்சொல் முடிவாகாமல் இன்னும் மஞ்சள் பூசிக் கிடக்கின்றன. இந்த மடல் இழையோ வேர்ச்சொல் ஆராய்ச்சிக்குள் புகுந்து வெளியே வர வழி தெரியாமல் நிற்கிறது.

டோக்கன் என்றே விட்டுவிடலாம் என்றவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. டோக்கனாக்கி, டோக்கனாக்கம் என்று தமிழ் விகுதியும் ஒட்டிக்கொள்கிறது. பதிப்பாசிரியர்தான் ஒப்பவில்லை.

'துண்டு' எளிமையான சொல், பாதி இடங்களில் சரியும்கூட. 'க,,ங' என்ற சரத்தைக் காற்புள்ளியில் பிரிக்கச் சொன்னால் பைத்தான் மூன்று துண்டு தரும், நடுவில் இருப்பது வெற்றுத்துண்டு. சி மொழியின் ஸ்டர்டோக் என்ற செயற்கூறு அடுத்தடுத்த பிரிப்பான்களை ஒன்றாகவே எண்ணி இரண்டு மட்டும் தரும். (மூலச் சரத்தையும் கெடுத்துவிடும், அது தனிப் புலம்பல்.) இங்கெல்லாம் நடப்பது வெறும் வெட்டு. ஆனால் மொழிமாற்றி (கம்பைலர்) நிரலைப் படிக்கும்போது வெட்டியதோடு நிற்பதில்லை. 'அ+++ஆ' என்று இருந்தால் சி மொழி முடிந்தவரை நீளமாக எடுத்து 'அ', '++', '+', 'ஆ' எனப் பிரித்து, இது குறிப்பெயர், இது செயற்குறி என்று ஒவ்வொன்றுக்கும் வகை சொல்கிறது. பைத்தானில் உள்தள்ளல் (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி) முடியும் இடத்தில் ஒரு டோக்கன் பிறக்கிறது. நிரலில் அதற்கு ஈடாக ஓர் எழுத்துகூட இல்லை. எதைத் துண்டித்தோம் அங்கே?

பகுபதத்திலிருந்து 'பதம்' எடுக்கலாம் என்றவரை வடசொல் என்று சொல்லி ஓரங்கட்டியது நியாயமில்லை. நன்னூலார் ஓர் இயலுக்கே பதவியல் என்று பெயர் வைத்தார், நமக்கு என்ன கூச்சம்? கூட்டல் குறியைப் பதம் என்று சொல்ல முடியாது என்பதுதான் அதில் உள்ள சிக்கல்.

இனி 'அலகு'. யாப்பை இழுத்துவந்த அன்பருக்கு ஒரு வணக்கம். அலகிடுதல் என்பது செய்யுளை வெறுமனே உடைப்பதன்று. நேர், நிரை என்று அசை பிரித்து, தேமா, புளிமா என்று சீருக்கு வாய்பாடு சொல்வது. பிரிப்பும் வகைபெயரும் ஒரே வினையில் இருக்கின்றன. வகையுளி பற்றி அவர் எழுதியதைப் பலர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஓசைக்காகச் சொல்லை நடுவில் உடைத்து முதற்பாதியை முந்தைய சீரோடு சேர்க்கிறோமே, இன்றைய செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளும் பல இடங்களில் சொல்லை நடுவில்தான் உடைக்கின்றன. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, யுனிகோடில் ஐந்து குறியீட்டுப் புள்ளி, யுடிஎப்-8 என்ற சேமிப்பு முறையில் பதினைந்து பைட்டு. உடைக்கிற கருவிக்கு 'மி' ஓரெழுத்து என்று தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. மனம் அலகின் பக்கமே சாய்கிறது. ஆனால் இதே நூலின் கடைசி இயல் 'அலகுச் சோதனை', நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிப்பது. அலகைச் சோதிப்பதா அலகிட்டதைச் சோதிப்பதா என்று மாணவர் குழம்பினால் பதில் சொல்ல வேண்டியவர் நான்.

மிஞ்சுவது 'வில்லை'. வில்போல் வளைந்ததால் வில்லை என்ற விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் யாரும் காட்டவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை. வில்லைச் சேவகன் மார்பில் அணிந்த வில்லை என்ற அடையாளத் தகடு அவன் யாரென்று சொன்னது. டோக்கனும் தன் வகையைச் சொல்கிறது. அவ்வளவு பொருத்தம் போதும்.

எதிர்ப்பும் வலுவானதுதான். 'சரம் வில்லையாகவில்லை' என்று பிழைச்செய்தி வந்தால் படிப்பவர் சிரிப்பார். அதனால் எதிர்மறை வரும் இடங்களில் 'வில்லையாக்க முடியாது' என்று எழுதப்போகிறேன்.

ஆக, வெறும் பிரிப்புக்குத் துண்டு, மொழிமாற்றிக்கு வில்லை. மாலைவரை வந்த மடல்களில் பெரும்பாலானவை 'சரி, ஏதோ ஒன்று' என்ற தொனியில் இதை ஏற்றிருக்கின்றன. அலகு அன்பர் ஏற்கவில்லை, அடுத்த பதிப்பில் பார்க்கிறேன் என்கிறார். அவர் முன்வைத்த 'அலகிடு' என்ற வினையைச் சொல்லடைவில் மாற்றுச்சொல்லாகச் சேர்த்துவிட்டேன்.

அப்புறம், பிரிப்பானுக்கு 'வரம்புக்குறி' வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள்.