மிதக்கும் காலிப்பரா, நகர்கவ்வியா?

நண்பர்களே, படகு டிரெய்லரின் டிஸ்க் பிரேக் பராமரிப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஃப்ளோட்டிங் காலிப்பர்’ (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பாகம்) என்பதை ‘மிதக்கும் காலிப்பர்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

> மிதக்கும் காலிப்பர்

வேண்டாம். சக்கரம் முழுக டிரெய்லரை நீரில் இறக்கித்தான் படகை விடுகிறார்கள். காலிப்பர் தண்ணீரில் மிதக்கும் என்றே படிப்பவர் நினைப்பார். பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். அது உள் பேடை (உராய்வுக் கட்டையை) டிஸ்க்கில் அழுத்த, எதிர்விசையில் காலிப்பர் இரண்டு பின்களின் (உலோகத் தண்டுகளின்) மேல் நகர்ந்து வெளி பேடையும் அழுத்துகிறது. ஆகவே ‘நகர்கவ்வி’.

> நகர்கவ்வி

‘நகர்க்கவ்வி’ அல்லவா?

> நகர்க்கவ்வி

க் போட்டால் ஊரைக் கவ்வுவது ஆகிவிடும் ஐயா! ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை, வலி மிகாது. எனக்கு உறுத்துவது ‘கவ்வி’. குறளில் கவ்வை என்றால் ஊரார் அலர், அதாவது ஊர்வம்பு.

> ஊரார் அலர்

பொருத்தம்தான். பேட் தேய்ந்து இரும்பு உரசினால் ஊருக்கே கேட்கும்.

சொல் எதுவானாலும், பட்டறையில் ‘காலிப்பர் ஜாம்’ என்றால்தான் புரியும். 14ஆம் பத்தியைப் பாருங்கள்: “பின் துருப்பிடித்தால்...” பிறகு துருப்பிடித்தால் என்றல்லவா படிக்கிறது! அதுவோ கையேட்டிலேயே முக்கியமான இடம். உப்புநீரில் பின் இறுகினால் காலிப்பர் நகராது. உள் பேட் மட்டும் தேயும், வெளி பேட் புதிதாகவே இருக்கும், பேட் விடாமல் உரசினால் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) கொதிக்கும். பின்னை உருவி, துருவைத் தேய்த்தெடுத்து, குழி விழுந்திருந்தால் மாற்றி, சிலிக்கான் பிரேக் கிரீஸ் மெல்லியதாகப் பூச வேண்டும். பெட்ரோலிய கிரீஸ் கூடாது, ரப்பர் உறை உப்பிவிடும். கரையேற்றியதும் நன்னீரில் கழுவுவதையும் அங்கேயே சேருங்கள். இடது வலது காலிப்பர்களை மாற்றிப் பூட்டினால் பிரேக் எண்ணெயில் சிக்கிய காற்றை நீக்கும் திருகு கீழே போய்விடும், எத்தனை முறை மிதித்தாலும் காற்று போகாது என்பதும் விடுபட்டிருக்கிறது.

> எத்தனை முறை மிதித்தாலும்

திருத்தம்: தள்ளுவிசை பிரேக்கில் (வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னே தள்ளும் விசையால் இயங்குவது) மிதிக்க டிரெய்லரில் மிதியே இல்லை. கொக்கியருகே இருக்கும், பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைத்தான் அழுத்த வேண்டும்.

> பின் துருப்பிடித்தால்

‘நகராணி’ என்று மாற்றுகிறேன். அச்சாணி இருக்கிறதே. காலிப்பருக்கு வந்த வாக்குகள்: நகர்கவ்வி 4, காலிப்பர் 3. முதல் இடத்தில் ‘நகர்கவ்வி (காலிப்பர்)’ என்று போட்டு அனுப்புகிறேன், இனி நேரமில்லை.

> நகராணி

எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். ஆணி என்றால் அடித்து நிறுத்துவது. இது நழுவ வேண்டியது. நழுவுகோல். இரண்டாம் பதிப்பில் பார்ப்போம்.