70-க்கு அடுத்து 500: ஃபென்டாஸ்டிக் ஃபோர் தொகுப்பில் இதழ்கள் விட்டுப்போச்சா?

வண்டியூர் வாசகி:
மார்க் வெய்டு எழுதி மைக் வெரிங்கோ வரைந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் (நாலு சூப்பர்ஹீரோக்கள் சேர்ந்த மார்வெல் காமிக்ஸ்) தொகுப்பு, இரண்டாம் பாகம். பழைய புத்தகமாகக் கிடைத்தது. 67, 68, 69, 70 என்று போய் நேரே 500-க்குத் தாவுகிறது. நடுவில் பக்கம் உருவியிருக்கிறதா? வில்லன் டாக்டர் டூம் பழைய பகையோடு திரும்பி வருகிறான் என்பது புரிகிறது, ஆனால் முன்கதை தெரியாமல் பாதி பிடிபடவில்லை. எதையெல்லாம் படித்துவிட்டு வரணும்? இன்னொன்று, 70-ஆம் இதழில் ஒரு தாள் முதுகை விட்டுக் கழன்று நிற்கிறது. என்ன செய்யலாம்?

தெப்பக்குளம் பழைய புத்தகம்:
ஒன்றும் விட்டுப்போகலை தங்கச்சி. 1961-ல் ஆரம்பித்த முதல் வரிசை 416 இதழோடு 1996-ல் நின்றது. அடுத்த வரிசை மறுபடி 1-லிருந்து தொடங்கி 13 இதழ். 1998-ல் மூன்றாவது தடவையும் 1-லிருந்து, 70 இதழ். கூட்டிப் பாருங்க, 499. அதனால் 2003-ல் 71 என்று போடாமல் பழைய கணக்கைச் சேர்த்து 500 என்று போட்டார்கள். கதை ஒரு பக்கம்கூட அறுபடாது.

நிஜமாகவே தாள் குறைகிறதா என்று பார்க்க, இதழ்களை எண்ணுங்க. இந்தப் பாகத்தில் 67 முதல் 70, பிறகு 500 முதல் 502, ஆக ஏழு. சாதாரண இதழில் கதை 22 பக்கம் அளவில் வரும். 500 சிறப்பிதழ், அது மட்டும் தடிமன். எங்காவது கணக்கு உதைத்தால் அந்த இடத்தில் விரித்து முதுகின் உள்பக்கம் பாருங்க. தாள் கிழிபட்டிருந்தால் மெல்லிய விளிம்பு ஒட்டிக்கொண்டு நிற்கும். முழுசாகக் கழன்று விழுந்திருந்தால் பசைக்கோடு மட்டும் தெரியும்.

வைகைக்கரை காமிக்ஸ்:
முன்கதைக்கு எல்லாத்தையும் தேடி ஓடவேண்டாம். டூம் முதலில் வருவது 5-ஆம் இதழ், 1962. அவன் பிறப்பு, தாய், முகத்தழும்பு எல்லாம் 1964-ன் இரண்டாம் ஆண்டு மலரில் (மாத இதழோடு சேராமல் தனி எண்ணில் வரும் சிறப்பிதழ்). மூன்றாம் மலரில், நால்வரில் இருவரான ரீட், சூ கல்யாணம். வில்லன் கூட்டத்தையே அங்கே ஏவி விடுபவன் டூம்தான். அவர்களின் முதல் பிள்ளை ஃபிராங்க்ளின் பிறப்பது 1968-ன் ஆறாம் மலர். 1984-ல் 267-ஆம் இதழில் சூ இரண்டாவது குழந்தையைப் பறிகொடுக்கிறாள். தொகுப்பு வாங்கும்போது உள்ளடக்கத்தில் மலர் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. இதழ் எண் வரிசையாகவே இருக்கும், மலர் மட்டும் விடுபட்டிருக்கும்.

ஒரே ஒரு இதழ்தான் படிக்க முடியும் என்றால் மூன்றாவது வரிசையின் 54-ஆம் இதழ், 2002. சூவின் பிரசவம் கைமீறிப் போகும்போது அவள் தம்பி ஜானி டூமிடம்தான் போய் நிற்கிறான். தாயையும் பிள்ளையையும் டூம் காப்பாற்றுகிறான். அதற்குக் கூலியாக, பெயர் வைக்கும் உரிமையை வாங்கிக்கொள்கிறான். வலேரியா! அது அவன் பழைய காதலியின் பெயர். உங்கள் புத்தகத்தின் முதல் கதையில் அந்தக் காதலியையே பலி கொடுத்து, அவள் தோலையே மந்திரக் கவசமாகப் போட்டுக்கொண்டு வருகிறான். 54 தெரியாமல் படித்தால் வெறும் மாயாஜாலச் சண்டை. தெரிந்து படித்தால், தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு கட்டமும் வலிக்கும்.

ரீடை மந்திர நூல்கள் நிறைந்த அறையில் டூம் அடைத்துவைக்கிறான் அல்லவா, அந்தப் பக்கங்களை நிதானமாகப் படிங்க. உலகிலேயே பெரிய மூளைக்காரனுக்கு, ‘எனக்கு இது புரியவில்லை’ என்று ஒத்துக்கொண்டால்தான் கதவு திறக்கும். டூமுக்கு அந்த ஒரு வார்த்தை சாகும்வரை வாயில் வராது. இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். 502-ஓடு நிறுத்தாதீங்க, 503 முதல் 508 வரை இதன் விளைவுதான் ஓடுகிறது. அது மூன்றாம் பாகம்.

மாசி வீதி பைண்டிங்:
கழன்ற தாளுக்கு வருவோம். செலோடேப் மட்டும் ஒட்டாதீங்க. மதுரை வெயிலில் பசை உருகி மஞ்சள் கறை பக்கத்துத் தாளுக்கும் இறங்கும். வெள்ளை ஃபெவிகாலைத் தட்டில் ஊற்றி, தாளின் உள்விளிம்பில் 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் தீக்குச்சியால் தடவுங்க. தாளை முதுகோடு நேராகச் செருகி, இருபுறமும் பட்டர் பேப்பர் வைத்து, அம்மிக்கல் மாதிரி கனம் ஏற்றி ஒரு நாள் முழுக்க விடணும். பசை கூடிப்போனால் பிதுங்கி அடுத்த தாளையும் பிடித்துக்கொள்ளும். இந்த வழவழத் தாள் ஒருமுறை ஒட்டினால் பிரிக்கும்போது படமே உரிந்து வந்துவிடும்.

பைண்டரிடம் கொடுப்பதானால் முதலிலேயே சொல்லிவிடுங்க: பக்கத் தையல் வேண்டாம், ஓரம் வெட்டவும் வேண்டாம். பள்ளிப் புத்தகப் பழக்கத்தில் இரண்டையும் செய்துவிடுவார்கள். தையல் போட்டால் இரண்டு பக்கம் விரிந்து வரும் படத்தின் நடுவில் இருக்கிற முகம் உள்ளே போய்விடும். ஓரத்தை வெட்டினால் விளிம்புவரை அச்சான படம் குறைந்துபோகும்.

பரணிலும் மேற்குச் சுவர் ஒட்டிய அலமாரியிலும் வைக்காதீங்க. சித்திரை, வைகாசிச் சூட்டில் முதுகுப் பசை இளகும், புத்தகம் சாய்ந்து நின்றால் அப்படியே கோணிக்கொள்ளும். பிவிசி உறையும் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.