சூடு ஏற ஏற வினை மந்தமாகிறது: மீயொலித் தொட்டியில் சிக்கல்

மீயொலியால் (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி) பொட்டாசியம் அயோடைடு கரைசலில் அயோடின் உண்டாகும் வேகத்தை அளக்கிறோம். அர்ரேனியஸ் விதிப்படி சூடு ஏறினால் வேகம் கூட வேண்டும். இங்கே தலைகீழ். 30 நிமிட முடிவில், 352 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வு (அயோடின் கூடினால் இதுவும் கூடும்) 25 டிகிரியில் 0.42, 45 டிகிரியில் 0.15.

திருச்சி, கல்லூரி ஆய்வகம். மூன்று வாரமாக இதே நிலை. 40 கிலோஹெர்ட்ஸ், 120 வாட் சுத்திகரிப்புத் தொட்டி. மூடிய கூம்புக் குடுவையில் 0.1 மோலார் கரைசல், 50 மி.லி.

தொட்டி தானே சூடாவதால் குளிர்நீர்ச் சுருள் போட்டு, குடுவைக்குள்ளேயே வெப்பநிலை பார்க்கிறோம். ஏற்ற இறக்கம் 1 டிகிரிதான். மீயொலி வலுவாக இருந்து அலுமினியத் தாளில் ஓட்டை விழும் இடத்தைப் பார்த்து குடுவையை அங்கேயே பொருத்தினோம். நீர்மட்டமும் மாறவில்லை. மீயொலி இல்லாமல் 45 டிகிரியில் அயோடின் வரவில்லை. அயோடின் ஆவியாகிறதா என்று தெரிந்த அளவு சேர்த்துப் பார்த்தோம், இழப்பு 3 சதவீதத்துக்குள். மாதிரியை 25 டிகிரிக்கு ஆற்றிய பிறகே அளக்கிறோம், எனவே அயோடினும் அயோடைடும் சேர்ந்து டிரைஅயோடைடு (352-இல் ஒளியை உட்கவர்வது இதுதான்) ஆகும் சமநிலை மாறியது காரணமில்லை.

மிச்சம் இரண்டு காரணங்கள். மீயொலி கரைசலில் நுண்குமிழிகளை உண்டாக்குகிறது; அவை நொறுங்கும்போதுதான் வினை நடக்கிறது. நீராவி அழுத்தம் 3.2 கிலோபாஸ்கலிலிருந்து 9.6 ஆகிறது; குமிழி நிறைய நீராவி புகுந்து, அது நொறுங்கும் வேகம் மட்டுப்படும். கூடவே கரைந்த காற்றும் குறைகிறது. குமிழிக்கு வித்து அதுதான், ஆகவே இதையும் தள்ள முடியவில்லை.

அழுத்தக் கலன் இல்லாமல், வெப்பநிலையை மாற்றாமல், கரைந்த வாயுவின் அளவை மட்டும் மாற்றி அரை மணி நேரம் நிலையாக வைக்க என்ன வழி?